சரியான நேரம்

செவ்வாய்க் கோளில் மகளுக்குக் கல்யாணம். கப்பலுக்குக் கிளம்பும் காலையில்தான், வீட்டுக் கணினியின் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடுவது தணிகைவேலின் கண்ணில் பட்டது. ஒரே கட்டளையில் அதைத் திருத்திவிட்டு, மனைவி சுகந்தி "கிளம்புங்க" என்று சொல்லட்டும் எனக் காத்திருந்தார். அந்த வீட்டில் நேரம் பார்ப்பது அவள் வேலை.

சுகந்தி கடிகாரத்தைப் பார்த்தாள். வழக்கம்போல் பத்து நிமிடத்தை மனதுக்குள் கழித்துக்கொண்டு, நிதானமாக இன்னொரு காபி போட்டாள்.

அவர்கள் ஏவுதளத்தில் இறங்கியபோது கப்பல் வானத்தில் புள்ளியாகியிருந்தது. அடுத்த கப்பல் கிளம்புவதற்குள் பேரப்பிள்ளையே பிறந்துவிடும்.

"கடிகாரத்தைத் தொட்டீங்களா?" என்றாள் சுகந்தி.

"தப்பா ஓடுச்சு, சரி பண்ணினேன்."

"அதை முந்தி வச்சதே நான்தான். அது தப்பா ஓடின வரைக்கும் நாம எதுக்காவது லேட்டாப் போயிருக்கோமா?"