மிஸ்ஸுக்கு நெட் போயிருச்சு

“இன்னைக்கும் மிஸ்ஸுக்கு நெட் போயிருச்சாம்! பீஸ் கேக்குறப்ப மட்டும் டவர் எங்கிருந்துதான் வருதோ!”

ரெண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் அஸ்வினியின் அம்மா போட்ட வாய்ஸ் அது. வசதியான கே.கே. நகர்க் குரல். போட்ட மாத்திரத்தில் சிரிப்புப் பொம்மைகள் வரிசைகட்டி வந்து விழுந்தன.

ஆரப்பாளையத்தில் அடுப்படியில் நின்று கேட்ட தங்கப்பொண்ணுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கொரோனா வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டியதிலிருந்து சரண்யாதேவி மிஸ் போனில்தான் பாடம் நடத்துகிறார். கழித்தல் கணக்கு கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று, “ஐயோ பிள்ளைகளா, மிஸ்ஸுக்கு நெட் போயிருச்சு. எதுல விட்டேன்னு தெரியலையே! சரி, முதல்ல இருந்து வருவோம்” என்பார்.

தினசரி இதே கூத்து.

“ஏங்க, அந்த மிஸ்ஸுக்கு வீடு எங்க?” என்று புருஷனிடம் கேட்டாள்.

மருது அன்று காலையில் குட்டியானை வண்டியில் காய்கறி லோடு இறக்கிவிட்டு வந்து, போனை அவள் கையில் கொடுத்திருந்தான். வீட்டுக்கே அந்த ஒரு போன்தான். அவன் வந்தால்தான் பவதாரிணிக்குப் பள்ளிக்கூடம். அதை வெளியே சொல்லத் தங்கப்பொண்ணுக்குக் கூச்சம்.

“பசுமலைப் பக்கம்னு கேள்வி. ஏன் புள்ள?”

“தினமும் நெட் போகுதாம். குரூப்புல கிழிகிழின்னு கிழிக்கிறாக.”

“ஒழுங்கா ஒரு ரீசார்ஜ் பண்ணத் தெரியல. இவுகள்லாம் டீச்சரு!” என்றபடி மருது சோற்றில் கை வைத்தான்.

மத்தியானம் போன் அடித்தது.

“பவதாரிணி அம்மாவா? நான் அஸ்வினி அம்மா பேசுறேன்.”

தங்கப்பொண்ணு எழுந்தே நின்றுவிட்டாள்.

“சொல்லுங்கக்கா.”

“ஹெட் மிஸ்கிட்ட பேசலாம்னு இருக்கோம். சொன்னதையே சொல்லிக்கிட்டிருந்தா எப்பங்க பாடம் முடியும்? எல்லாரும் சேந்து சொன்னாத்தான் எடுபடும். நீங்க என்ன சொல்றீங்க?”

நீங்க என்ன சொல்றீங்க என்று அதுவரை அவளை யாரும் கேட்டதில்லை. அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவள். மகளாவது கணக்குப் படித்து ஒரு கடை கண்ணியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும் என்பதுதான் அவள் ஆசையெல்லாம். குரூப்பில் கட்டைவிரலைத் தவிர அவள் எதையும் போட்டதும் கிடையாது.

“ஆமாங்கக்கா. எங்க பாப்பாவும் சொல்லும், மிஸ்ஸுக்கு நெட் போயிருச்சு, நெட் போயிருச்சுன்னு. பிள்ளைக படிப்பு வெளாட்டா போச்சா அவுகளுக்கு?”

“அடடா, அதை அப்படியே ஒரு வாய்ஸா போட்டு விடுங்களேன்!”

போட்டாள்.

குரூப்பே கைதட்டியது. நஜீமின் அத்தா, “நல்லா நறுக்குன்னு சொன்னீங்க தங்கச்சி” என்று எழுதினார். தங்கப்பொண்ணு அந்த வரியை மருதுவிடம் காட்டினாள். அவள் குரலை அவளே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

அந்த வார முடிவில் அஸ்வினியின் அம்மாவே சேதி சொன்னார்.

“ஹெட் மிஸ் கூப்பிட்டுக் கேட்டாங்களாம். ‘ஆமா மேடம், எங்க வீட்ல நெட் சரியில்லதான்’னு அதுவே ஒத்துக்கிருச்சாம். பள்ளிக்கூடம் திறக்குறப்ப சொல்லி அனுப்புறோம், அதுவரைக்கும் வீட்ல இருங்கன்னு சொல்லிட்டாங்க. திங்கக்கிழமை வேற மிஸ்!”

தங்கப்பொண்ணு மருதுவிடம் திரும்பினாள்.

“ஏங்க, பாவம்ல? வேலையே போயிருச்சே.”

“அதுவே ஒத்துக்கிருச்சுங்குறாக. உனக்கென்ன வந்துச்சு?”

அதுவும் சரிதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

திங்கட்கிழமை மருது வண்டியை நிறுத்துவதற்குள் அவன் சட்டைப் பையிலிருந்து போனை உருவினாள். பவதாரிணியை உட்காரவைத்து லிங்கை அமுக்கினாள்.

புது மிஸ்ஸின் முகம் பளிச்சென்று தெரிந்தது. குரல் வெண்கலமாக ஒலித்தது. ஒரு சொட்டுத் தடங்கல் இல்லை.

“பாத்தியா? இதுல்ல கிளாஸு!” என்று மகளின் காதில் கிசுகிசுத்தாள்.

பவதாரிணி நோட்டையும் போனையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு மெதுவாக, “மிஸ், எனக்குப் புரியல மிஸ். முதல்ல இருந்து சொல்லுங்க மிஸ்” என்றது.

“யாரு அது, இப்ப உள்ள வந்தது? பாதிப் பாடம் முடிஞ்சு போச்சு. உன் ஒருத்திக்காக மறுபடியும் முதல்ல இருந்து வர முடியுமா? லேட்டா வந்தா இப்படித்தான். அடுத்த பக்கம் திருப்புங்க எல்லாரும்.”

பவதாரிணிக்கு உதடு பிதுங்கியது. அம்மாவின் முகத்தைப் பார்த்தது.

அப்போது நஜீமின் குரல் குறுக்கே வந்தது. பயல் மைக்கை மூடவில்லை.

“மிஸ், மிஸ்! இப்ப உங்களுக்கு நெட் போகணும் மிஸ்.”

“என்னடா உளர்ற?”

“பவதாரிணி வந்துட்டால்ல மிஸ்! அவ உள்ள வந்த உடனே சரண்யா மிஸ்ஸுக்கு நெட் போயிரும். அப்பத்தான அவளுக்காக முதல்ல இருந்து நடத்த முடியும்!”