ஏழாம் நம்பர் ஷூ

எட்டாம் நம்பர் ஸ்டாக்கில் இல்லை. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினால் என் கமிஷன் போய்விடும். ஏழாம் நம்பரை நீட்டினேன்.

"போடப் போட சரியாயிடும் சார். கடிச்சா ஒரு வாரத்துக்குள்ள மாத்திக்கலாம். போட்டு நடந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"அப்பாவுக்குத்தான் தம்பி. நாலு மணிக்கு அடக்கம். புது ஷூ போட்டுத்தான் புதைக்கணும்னு சொல்லிட்டே இருப்பாரு" என்றார்.

இது திரும்பி வராத விற்பனை என்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

ஏழாம் நாள் காலை, கடை திறந்ததும் அவர் வந்து நின்றார். பல நாள் தூங்காத கண்கள். கையில் அதே அட்டைப்பெட்டி.

"எட்டு வந்திருச்சா தம்பி? அப்பாவுக்குக் கடிக்குதாம்."

துக்கத்தில் மனிதர் குழம்பியிருக்கிறார் என்று நினைத்தேன். கை மட்டும் பழக்கத்தில் ஷூக்களை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பியது.

இரண்டு குதிகாலும் தேய்ந்திருந்தன.