காறல் வாடை

தட்டில் ஆவியில் வெந்த கெண்டையின் வயிற்றுத் துண்டு. உப்பில்லை, புளியில்லை, ஒரு மிளகுகூட இல்லை.

அக்கா அதை மூக்கருகே கொண்டுபோனாள். ஒன்றும் தெரியவில்லை. வாயில் போட்டாள். ஈரப் பஞ்சு.

குளத்து மீனில் கொழுப்பே கொஞ்சம்தான். அதிலும் உடம்புக்கு நல்லது செய்கிற கொழுப்புதான் முதலில் கெட்டுத் தொலையும். ஃப்ரீசரில் வைத்த மீனில் அது எவ்வளவு மிச்சம் என்று இயந்திரம் அளந்துவிடும். கொழுப்பு கெட்டால் வரும் காறல் வாடைக்கு, சாப்பிடுகிறவர்கள் தட்டைத் தள்ளுவார்களா என்பதை மனித மூக்குதான் சொல்ல வேண்டும். இந்த ஆய்வுக்கூடத்தில் அக்காவுக்கும் எதிர் நாற்காலிக்காரிக்கும் அதற்குத்தான் சம்பளம்.

இரண்டு மாதத்துக்கு முன் வந்த காய்ச்சல் அக்காவின் மூக்கைக் கொண்டுபோய்விட்டது. மெல்லத் திரும்பும் என்றார் டாக்டர். திரும்பும்வரை வீட்டில் யார் உலை வைப்பது? வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று அவள் மூச்சுவிடவில்லை.

எதிரில் இருப்பவளைப் பார்த்தே ஓட்டினாள். உம்மணாமூஞ்சியாக இருந்தவள்தான் அவள். அண்மையில் என்ன வந்ததோ, மீன் லேசாகக் காறியிருந்தால் போதும், மூக்கு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். நல்ல மீன் என்றால் மாமியார் ஊருக்குப் போன மாதிரி ஒரு சிரிப்பு. நாடகக்காரி என்று எல்லோரும் கேலி செய்தார்கள். அக்காவும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டு, அந்த முகத்தைப் பார்த்தே மதிப்பெண் போடுவாள்.

இன்று மேசை மேல் இருவருக்கும் நடுவே பலகை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாதாம். புது மேனேஜரின் ஏற்பாடு. கைகட்டி நின்றுகொண்டிருந்தார் அவர்.

"என்னம்மா, நல்லதா, கெட்டதா?"

அக்காவுக்கு உண்மையைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது.

மேசைக்கடியில் நறுக்கென்று ஒரு மிதி. அவள் காலை இழுப்பதற்குள் இன்னொன்று.

அதற்குள் மேனேஜரின் போன் அடித்தது. பேசிக்கொண்டே வெளியே போனார்.

பலகைக்குப் பின்னாலிருந்து கிசுகிசுப்பாக வந்தது குரல்.

"கெட்டுப்போச்சுக்கா, நல்லா காறுது. இனிமே காலுதான், சொல்லிட்டேன். ரெண்டு மாசமா உங்களுக்காகச் சுளிச்சுச் சுளிச்சு என் மூஞ்சியே கோணிப்போச்சு."