எண்பதில் அணையும் விளக்கு

“மூணாவது தடவையா வர்றேன். உங்க கைராசியெல்லாம் எங்க போச்சு?” என்றார் கார்க்காரர்.

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் வண்டியை ஒரே வேகத்தில் கொண்டுபோகும் க்ரூஸ் கன்ட்ரோல், பிரேக்கைத் தொட்டால் அணையும். இந்த வண்டியில் சும்மாவே அணைகிறதாம். பிரேக் சுவிட்சை மாற்றியாயிற்று, ஒயரையெல்லாம் துழாவியாயிற்று. மெக்கானிக் தனியாக ஓட்டிப் பார்த்தால் மட்டும் பரம சாதுவாகப் போய்த் தொலைக்கிறது.

“நீங்க எப்பவும் போற மாதிரியே போவோம்” என்று மெக்கானிக் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். வண்டிக்காரர் ஓட்ட, அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எண்பதில் க்ரூஸ் போட்டாயிற்று. தூரத்தில் ஒரு லாரி தெரிந்தது.

“ஏங்க, லாரி...”

“தெரியுது. எனக்கும் கண்ணு இருக்கு.”

பொசுக்கென்று க்ரூஸ் விளக்கு அணைந்தது.

“பாத்தீங்களா? நான் பிரேக்கைத் தொடவே இல்ல.”

மெக்கானிக் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். இறங்கிப் போய், அந்த அம்மாவின் காலடியில் கிடந்த தடித்த ரப்பர் மேட்டைத் தூக்கினார். அடியில் இன்னொரு பிரேக் பெடல்.

“இந்த வண்டிய யார்கிட்ட வாங்கினீங்க?”

“ஒரு டிரைவிங் ஸ்கூல்ல.”

மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “ரெண்டு நிமிஷத்துல கழட்டிடலாம்” என்று ஸ்பேனரை எடுத்தார்.

அந்த அம்மா காலை நகர்த்தவில்லை.

“அதுல மட்டும் கை வைக்காதீங்க தம்பி. பதினெட்டு வருஷமா இவர் பக்கத்துல உக்காந்து வெறுந்தரைய மிதிச்சே கால் தேஞ்சுபோச்சு. இப்பத்தான் ஒரு வண்டி என் பேச்சைக் கேக்குது.”