வத்தல் நெடி

கோவில்பட்டிப் பக்கத்து மந்திரக்காரக் குடும்பங்களில் பெண் பார்க்கும்போது ஜாதகம் கேட்பதில்லை. பெண்ணையும் மாப்பிள்ளையையும் எதிரெதிரே உட்காரவைத்து, நடுவில் தணலில் மிளகாய் வத்தலைப் போடுவார்கள். நெடி ஏறாவிட்டால் முழு ரத்தம். கண் கலங்கினால் அரை ரத்தம். இருமினால் வெறும் ரத்தம்.

கொம்பையா கட்டியது மந்திரம் அறியாத வீட்டுப் பெண்ணை. அதனால் போன வருடம் ஓட்டப்பிடாரத்துக்காரர்கள் முன்னால் மகள் செல்வரதிக்குக் கண் கலங்கிவிட்டது. வந்தவர்கள் காப்பியைக்கூடத் தொடவில்லை.

இன்று நாகலாபுரத்து இசக்கிபாண்டி மகனோடு வந்திருந்தார்.

“மூஞ்சி ஏன் அண்ணாச்சி வேர்க்குது? வத்தல்தான போடுதேன்,” என்று சிரித்தபடி ஒரு கை அள்ளிப் போட்டார்.

வீடு புகைந்தது. செல்வரதி அசையவில்லை. மாப்பிள்ளையும் இமைக்கவில்லை. இரண்டு அப்பாக்களுக்கும்தான் கண் கலங்கியது.

இசக்கிபாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொம்பையாவை வாசலுக்கு அழைத்துப் போனார்.

“நல்லா எழுப்பி உக்கார வச்சிருக்கீங்க. பிள்ள செத்து எவ்வளவு நாளாச்சு?”

கொம்பையா குரலைத் தாழ்த்தினார். “ஓட்டப்பிடாரத்துக்காரவிய எந்திரிச்சுப் போன அன்னைக்கே கிணத்துல... எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“மூச்சு விட்டாத்தான நெடி ஏறும்?” இசக்கிபாண்டி ஜன்னல் வழியே தன் மகனைப் பார்த்தார். “இவனையும் அரை ரத்தம்னு மூணு வீட்டுல கழிச்சாவ. தையில போய்ச் சேந்துட்டான்.”

உள்ளே புகை அடங்கியிருந்தது. இருவரும் இமைக்காமல் ஒருவரையொருவர் பார்த்தபடியே இருந்தார்கள்.

கொம்பையா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ரெண்டும் முழு ரத்தம்னு சொந்தக்காரவியகிட்டச் சொல்லிருவமா, சம்பந்தி?”