சீஃப் மெக்கானிக்கின் ஏ.சி.

"மாமா, காத்து சும்மா பிச்சுக்கிட்டு வருது. துணி காயப்போட்டா அஞ்சே நிமிஷம்தான்!"

காருக்குள் உட்கார்ந்திருந்த மச்சான், ஏ.சி. காற்று வரும் துவாரத்துக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டிவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டான்.

பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தவர் நிமிர்ந்தார். குடும்பத்தில் அவருக்கு 'சீஃப் மெக்கானிக்' என்று பட்டப்பெயர். வயிற்றுப்பாட்டுக்கு வங்கியில் கேஷியர் வேலை. எதைக் கழற்றி மாட்டினாலும் கடைசியில் ஒன்றிரண்டு ஸ்க்ரூ மிஞ்சும். "கம்பெனிக்காரன் தாராளமா போட்டிருக்கான்" என்று அவற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்.

போன மாதம் காரில் ஏ.சி. காற்று கொஞ்சம் குறைவாக வந்தது. அவ்வளவுதான் கோளாறு. ஒர்க் ஷாப்பில் விட்டால் பில்லைத் தீட்டிவிடுவார்கள் என்று, மனிதர் தானே வீடியோ பார்த்து டேஷ்போர்டைக் கழற்றி, தூசு தட்டி, திரும்ப மாட்டினார். அன்றிலிருந்து காற்று பிரமாதமாக வருகிறது. என்ன ஒன்று, அனலாக வருகிறது.

"இங்க வந்து தொட்டுப் பாரு மாப்ளே. பைப்பு ஐஸ் மாதிரி இருக்கு. கம்ப்ரஸர் ஓடுது, கேஸ் இருக்கு, ஃபேன் சுத்துது. அப்புறம் உள்ள மட்டும் ஏன்டா கொதிக்குது?"

மச்சான் இறங்கி வந்து தொட்டுப் பார்த்தான். பைப்பில் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது.

"உள்ள கூலிங்கை முழுசா வச்சிருக்கீங்கல்ல?"

"என்னைப் பாத்தா எப்படித் தெரியுது? லீவரை நீல முனை வரைக்கும் தள்ளி வச்சிருக்கேன். இன்னும் தள்ளினா கையோட வந்துடும்."

"வீடியோவுல அந்த ஆளு என்ன சொல்றாரு?"

"அவன் எங்கடா சொல்றான்? மாட்டினதும் பாட்டுப் போட்டு முடிச்சுட்டான்."

"பேசாம ஹேர் டிரையர்னு வித்துடலாம் மாமா. நாலு சீட்டோட யார் குடுக்கறாங்க?"

மற்ற நேரமாக இருந்தால் அவரும் சிரித்திருப்பார். வீட்டில் இருப்பது ஒரே கார். வாங்கிய நாளிலிருந்து அதில் அவர்தான் வேலைக்குப் போய்வந்தார். மனைவி இரண்டு பஸ் மாறிப் போனாள். ரிப்பேருக்கு மறுநாள் அவர் காரிலிருந்து இறங்கிய கோலத்தைப் பார்த்து, "வழியில மழையா சார்?" என்று வங்கி வாட்ச்மேன் கேட்டுவிட்டான். அதன்பிறகு அவர் பஸ்ஸுக்கு மாறினார். "சும்மா நிறுத்தி வச்சா பேட்டரி போயிடும். நான் எடுத்துட்டுப் போறேன்" என்று அவள்தான் அந்த நகரும் அடுப்பை ஏற்றுக்கொண்டாள். இதுவரை ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. திட்டியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"என்ன, ஆபரேஷன் முடிஞ்சுதா? நோயாளி பிழைச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே ஜூஸ் டம்ளர்களுடன் வந்தாள் மனைவி.

அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "இல்லம்மா. என் வீம்புக்கு நீ ஏன் தினமும் வேகணும்? நாளைக்கே ஒர்க் ஷாப்ல விட்டுடறேன். என்னால முடியலைன்னு ஒத்துக்கறேன்."

"அப்பாடா!" என்றான் மச்சான். "அக்கா, என் ஃப்ரெண்டு ஒருத்தன் கடை வச்சிருக்கான். அரை மணி நேரத்துல சரி பண்ணிடுவான்."

அவள் முகம் மாறிவிட்டது. "நீ வாயை மூடுடா. உங்க மாமா கை வச்ச வண்டியில இன்னொருத்தன் வந்து கை வைக்கறதா? நாளைக்குச் சொந்தக்காரங்க முன்னாடி இவர் தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா?"

"அதுக்காக நீ இந்தச் சூட்டுல..."

"ஏங்க, நான் என்ன வெண்ணெயா, உருகிப் போறதுக்கு? நீங்க நிதானமா பாருங்க. ஒரு மாசம் ஆகட்டும், ரெண்டு மாசம் ஆகட்டும். உங்களால முடியாதது எதுங்க இருக்கு?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்தாலே ஓடிவந்து பிடுங்கி வைக்கிறவள் அவள். இன்றைக்கு அவருடைய மானத்துக்காகத் தினமும் வேகத் தயாராக நிற்கிறாள். இப்படியொரு மனைவி யாருக்குக் கிடைப்பாள்? மச்சான் பார்க்கிறானே என்று, வியர்வையைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. ஒருவருடைய முழங்கை அவர் விலாவில் இருந்தது, இன்னொருவருடைய பை முதுகில் இருந்தது. ஜன்னலோரமாக ஒண்டிக்கொண்டு நின்றார். உடம்புதான் பஸ்ஸில்; நினைப்பெல்லாம் அவள்மேல். சிக்னலில் பஸ் நின்றதும் மனசு கேட்காமல் போன் செய்தார்.

"எப்படிம்மா இருக்கு?"

"எப்படி இருக்கும்? வாணலியில வறுபடற மாதிரி இருக்கு. கண்ணாடி எல்லாத்தையும் இறக்கி விட்டும் வேர்த்து ஊத்துதுங்க. சரி சரி, என்னை நினைச்சுக் கவலைப்படாதீங்க."

'பாவம்' என்று அவர் பெருமூச்சு விடும்போதே, ஜன்னலுக்குக் கீழே ஒரு கார் ஊர்ந்து வந்து நின்றது. அவருடைய கார். நான்கு கண்ணாடியும் இறுக்கமாக மூடியிருந்தன. குனிந்து உள்ளே பார்த்தார். அவர் நீல முனையை விட்டு அசைத்தே பார்க்காத அந்த லீவர், இப்போது சிவப்பு முனையில் இருந்தது. மாட்டும்போது குளிரையும் சூட்டையும் இடம் மாற்றி மாட்டித் தொலைத்திருக்கிறோம் என்பது அந்த நிமிஷம்தான் அவருக்குப் புரிந்தது.

"அப்படியே உருகி வழியறேங்க" என்று போனில் முனகியபடியே அவள் சால்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, குளிர் தாங்காமல் லீவரை ஒரு விரற்கடை நீலத்தின் பக்கம் நகர்த்தினாள்.