அரிசி மூட்டைக்கு ஒரு சீட்

இருளப்பன் காரியத்தைக் கெடுக்க நாலு நிமிடம்தான் எடுத்தது.

021 என்று தொடங்கும் எண்ணிலிருந்து போன் வந்தது. யாழ்ப்பாணத்துக் கம்பஸ். மகள் கோகிலா தங்கப்போகிற விடுதியின் பொறுப்பாளர் அம்மா. மகள் ஊற்றுத் தண்ணீர் கொட்டும் பீலிக்குக் குளிக்கப் போயிருந்தாள். மனைவி தேயிலை மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். போனை எடுக்க லயத்து வீட்டில் அவரை விட்டால் நாய்தான் இருந்தது.

நாய் எடுத்திருக்கலாம்.

அந்த அம்மா தமிழில்தான் வணக்கம் சொன்னார். இருளப்பன் சிங்களத்தில் பதில் சொன்னார்.

வேண்டுமென்று செய்யவில்லை. பயம். பலாங்கொடையில் பொலிஸ், ஆஸ்பத்திரி, தபால் கந்தோர் என்று எங்கே போனாலும், பேனா பிடித்த ஆளைக் கண்டதும் அவர் வாய் தானாகச் சிங்களத்துக்கு மாறிவிடும். முப்பது வருடப் பழக்கம். போனில் பேனா தெரியவில்லை. ஆனால் தாள் புரளும் சத்தம் கேட்டது. அது போதாதா?

அந்த அம்மாவும் பாவம், தட்டுத் தடுமாறிச் சிங்களத்திலேயே தொடர்ந்தார். இரண்டு தமிழர்கள் நாலு நிமிடம் சிங்களத்தில் பேசி, கோகிலாவைச் சிங்களப் பிள்ளைகளின் அறையில் சேர்த்துவிட்டார்கள்.

கோகிலா ஈரத்தலையோடு வந்து, திருப்பி அழைத்து, எல்லாவற்றையும் சரிசெய்தாள். பிறகு போனைத் தன்னோடு உள்ளே எடுத்துப்போய்விட்டாள்.

அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் வேன்காரர் மர்சூக், யார் யார் வருகிறார்கள் என்று கேட்டனுப்பினார். கோகிலா ஒரு தாளில் எழுதிக் காலண்டர் ஆணியில் குத்திவைத்தாள். அம்மா. மாமா சுதாகரன். மாமி. அவள். அரிசி மூட்டைக்கும் மெத்தைக்கும் சேர்த்து ஒரு சீட்.

இருளப்பன் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமை.

ஆக, அரிசி மூட்டை யாழ்ப்பாணம் பார்க்கப் போகிறது.

ஒரு வகையில் நல்லதுதான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். அந்த ஊர் அவருக்குச் சரிப்படாது. அங்கே எல்லாரும் ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோலப் பேசுவார்களாம். இவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். எந்தத் தோட்டம், எந்த லயம், எத்தனையாவது காம்பிரா வீடு என்பதுவரை கண்டுபிடித்துச் சிரிப்பார்கள். இவர் திரும்பி வந்துவிடுவார். அந்தச் சிரிப்பு மகளோடு நாலு வருடம் தங்கிவிடும்.

இருந்தாலும் ஒரு நப்பாசை. தான் வேலைசெய்கிற தேயிலைப் பெக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் தனியே நின்று யாழ்ப்பாணப் பேச்சு பழகிப் பார்த்தார். “வாங்கோ. இருங்கோ. சுகமா இருக்கிறியளோ?”

கொழுந்து அசையாமல் வாடிக்கொண்டிருந்தது. கீழே எவனோ கேட்டுவிட்டான். அன்றிலிருந்து தோட்டமே அவரைக் கண்டால் “இருங்கோ அண்ணே” என்றது.

“அந்த ஊருக்காரங்க ஒங்கள கடிச்சா திங்கப் போறாங்க?” என்றாள் மனைவி வெள்ளையம்மா.

“தின்னாக்கூட பரவாயில்ல புள்ள. சிரிப்பாங்க.”

“நீங்க கொண்டுபோயி விடுற லச்சணந்தான் தெரியுமே. இரத்தினபுரிக்கு விடப் போயி, அன்னைக்குப் பின்னேர பஸ்ஸுலேயே புள்ளையையும் பொட்டியையும் கூட்டிக்கிட்டு வந்த மனுசன்தானே.”

அது உண்மை. மூன்று வருடத்துக்கு முன், கோகிலா உயர்தரம் படிக்கப் போனபோது நடந்தது. தங்குகிற அறை ஒழுகுகிறது என்று வந்து சொன்னார். மறு கிழமை வெள்ளையம்மா கொண்டுபோய் விட்டாள். அதே அறை. அடைமழை. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

“தாள்ல பேரு ஏன் இல்லன்னு என்கிட்ட ஏன் கேக்குறீங்க? வாயிருக்குல்ல, மககிட்ட கேளுங்க.”

கேட்டார்.

“வேன்ல ஏசி இருக்காம்மா?”

“இருக்குப்பா.”

“அங்க வெயில் ஜாஸ்தியோ?”

“ஜாஸ்திதான்ப்பா.”

“எனக்கு வெயில் ஒத்துக்காதுல்ல?”

 கோகிலா எழுந்து உள்ளே போய்விட்டாள். இருளப்பன் பின்னால் போகவில்லை. இதற்குமேல் கேட்டால் பதில் வந்துவிடுமே.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மர்சூக்கின் வேன் கீழே வளைவில் ஹோர்ன் அடித்தது. அரிசி மூட்டை வாசலில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. இருளப்பன் சலவைச் சட்டை போட்டிருந்தார். ஏன் போட்டார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்காக, பக்கத்து லயத்தில் ஒரு காதுகுத்தைத் தயார் செய்துவைத்திருந்தார்.

கோகிலா வாசல்படியில் உட்கார்ந்து, புது வாளியில் நெயில் பொலிஷால் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள்.

வேன் மேலேறுகிற சத்தம் கேட்டது. இன்னும் ஒரு வளைவுதான். இருளப்பன் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நல்லவேளை, மகள் கையில் பேனா இல்லை.

“ஏம்மா, அப்பா அங்க வந்தா ஒனக்கு வெக்கமா இருக்குமா?”

‘கோகி’ வரை எழுதிய கை நின்றது.

“வெக்கமா?”

அவள் நிமிரவில்லை. ஆனால் தாடை நடுங்கியது. அந்த நடுக்கத்தை அவர் இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார். இரத்தினபுரியில், அந்த அறை வாசலில், அவர் போய்வருகிறேன் என்று சொல்லித் திரும்பியபோது. அதைக் கண்ட பிறகுதான் அந்த அறை ஒழுக ஆரம்பித்தது.

“நீங்க வந்தா, நானும் அதே வேன்ல திரும்பி வந்துருவேன்ப்பா.”